வாத்தியார் வேட்டை

ஹூஸ்டன் பக்கம் ஏதாவதொரு ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், காலை ஏழரை மணிக்கு, கசங்கிய ஸ்க்ரப்ஸோடு ஒரு பெண்மணி ஸ்டியரிங்மேல் லேப்டாப்பைச் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தால் தொந்தரவு செய்யாதீர்கள். பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி முடித்த கையோடு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். டாக்டர் ஆஃப் நர்ஸிங் பிராக்டிஸ், சுருக்கமாக டி.என்.பி. அதிலும் குடும்பநலப் பிரிவு. பிறந்த குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டிவரை யார் வந்தாலும் பார்த்து, நோயைக் கண்டுபிடித்து, மருந்தும் எழுதலாம்.

அதற்கு டாக்டர் பட்டமே வேண்டுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குடும்பநல நர்ஸ் பிராக்டிஷனர் உரிமத்துக்கு இன்றைக்கும் மாஸ்டர்ஸ் போதும். 2015க்குள் எல்லோரும் டி.என்.பி.க்கு மாறிவிட வேண்டும் என்று அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் 2004இல் முடிவெடுத்தது. 2015 வந்தது, போனது. மாஸ்டர்ஸ் நகரவில்லை. "படிக்கிறதுதான் படிக்கிறோம், முழுசாப் படிச்சுடலாமே" என்று நம்மவர் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு பெரும்பாலும் ஆன்லைன். புதன்கிழமைக்குள் ஒரு பதிவு போட வேண்டும். ஞாயிறு இரவு 11.59க்குள் சக மாணவர் இருவருக்குப் பதில் எழுத வேண்டும். பதில் எப்போதும் "அருமையான கருத்து" என்றே தொடங்கும். 11.56க்கு எழுதுகிறவரால் வேறு எப்படித் தொடங்க முடியும்? மானிட்டர் கத்துவதற்கு முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து விபரீதத்தைச் சொல்லிவிடுகிற மனுஷி, மேற்கோள் பட்டியலில் கமா இடம் மாறியதற்காக மார்க்கைப் பறிகொடுக்கிறார்.

வீட்டில் அகப்பட்டவர் கணவர். உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒருவரைப் பரிசோதித்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது பாடம். ஞாயிறு மத்தியானம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே காபிப்பொடியை நீட்டுவார். முதல் கபால நரம்புக்கான சோதனை அது. காபி வரப்போகிறது என்று நம்பி அவரும் தலையாட்டுவார். பிறகு புருவத்தை உயர்த்து, கன்னத்தை உப்பு, தோளைக் குலுக்கு என்று வரிசையாக உத்தரவு. பன்னிரண்டாம் நரம்புக்கு நாக்கை நீட்ட வேண்டும். மனைவியைப் பார்த்து அதிகாரபூர்வமாக நாக்கை நீட்டக் கிடைத்த வாய்ப்பை எந்தக் கணவரும் வீணாக்குவதில்லை. அங்கே மனைவி சிரித்துவிடுவார். வீடியோவை முதலிலிருந்து எடுக்க வேண்டும். காபி கடைசிவரை வராது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையான சோதனைக்குப் பெயர் பிரிசெப்டர். டி.என்.பி. பட்டத்துக்கு வழக்கமாகக் குறைந்தது 1,000 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி வேண்டும். அதில் பெரும்பகுதி, கிளினிக்கில் ஒரு டாக்டரோ அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க, நேரடியாக நோயாளிகளைப் பார்ப்பது. அந்த நபருக்குத்தான் பிரிசெப்டர் என்று பெயர். பல பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடும் பொறுப்பை மாணவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முழுப்பணம் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற கல்யாணத் தரகர் மாதிரி. இது அநியாயம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வேட்டை தொடங்குகிறது. குழந்தைகளுக்கு ஒருவர், பெண்கள் நலத்துக்கு ஒருவர், பெரியவர்களுக்கு ஒருவர் வேண்டும். எக்செல்லில் பட்டியல் போட்டு கிளினிக் கிளினிக்காக ஃபோன் அடிப்பார். வரவேற்பில் இருப்பவர் "மேனேஜரிடம் சொல்கிறேன்" என்பார். மேனேஜர் ஈமெயில் அனுப்பச் சொல்வார். ஈமெயில் கிணற்றில் போட்ட கல். டோனட் பெட்டியோடு நேரில் போய்ப் பார்ப்பார். டோனட் தீர்ந்துவிடும், இடம் கிடைக்காது. தன் பல் டாக்டரிடம் வாய் திறந்த நிலையிலேயே "உங்கள் மனைவி குழந்தை மருத்துவராமே?" என்று விசாரித்தவர்களும் உண்டு. ஆளைப் பிடித்துத் தருவதற்கென்றே கட்டணக் கம்பெனிகள் முளைத்துவிட்டன. கிரெடிட் கார்டை எடுக்கும்போது கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கு எந்த நரம்பு காரணம் என்று பாடத்தில் இல்லை.

கடைசியில் ஒரு புராஜெக்ட். சர்க்கரை நோயாளிகளின் பாதப் பரிசோதனை, மனச்சோர்வுக் கேள்வித்தாள் என்று ஏதாவதொன்றைக் கிளினிக்கில் சில வாரம் ஒழுங்காகச் செய்யவைத்து வரைபடம் போட வேண்டும். வரைபடம் மேலே ஏறும். பட்டம் வந்ததும் கேள்வித்தாள் டிராயருக்குள் போகும்.

பட்டம் வந்தபின் இவர் டாக்டரா? பல மாநிலங்களில் அப்படிச் சொல்லிக்கொண்டால், அதே மூச்சில் நர்ஸ் என்றும் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் அதுவும் ஆகாது என்று தடுத்ததால் 2023இல் மூன்று பேர் வழக்கே போட்டார்கள். மருந்து எழுத டெக்சாஸில் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். பக்கத்து நியூ மெக்சிகோவில் வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டினால் அறிவு கூடிவிடும்போல.

1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியது, வைத்திய வசதி எட்டாத குழந்தைகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதற்காக. அந்தத் தேவை இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களே, அடுத்தமுறை கிளினிக்கில் "ஒரு மாணவி உங்களைப் பரிசோதிக்கலாமா?" என்று கேட்டால் சரியென்று சொல்லுங்கள். அந்த மாணவி உங்கள் அறைக்குள் வருவதற்கு எத்தனை டோனட் பெட்டி செலவாயிற்றோ!