எங்கள் வீடுதான் கிடைத்ததா?

மருத்துவ ஆய்வு, மனநல ஆய்வு குறித்துப் புக்கிட் பாத்தோக் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாருக்கும் தெருப் பெயர் மட்டுமே.

கேள்வி: மனநல ஆய்வு என்று ஒருவர் அடையாள அட்டையோடு வந்து நின்றார். எங்கள் புளோக்கில் இத்தனை வீடு இருக்க, எங்கள் வீடுதான் கிடைத்ததா? (ஸ்திரீட் 21)

பதில்: உங்கள் வீடேதான் வேண்டும். குலுக்கலில் வந்த பெயர் அது. மனநலக் கழகம் நடத்திய சிங்கப்பூர் மனநல ஆய்வில் 2010இல் 6,616 பேரிடமும் 2016இல் 6,126 பேரிடமும் நேரில் பேசினார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. ஆனால் அந்தச் சோறு கரண்டி போன இடத்தில் அகப்பட்டதாக இருக்க வேண்டும். பேச நேரமும் விருப்பமும் உள்ளவர்களை மட்டும் கேட்டால் நாட்டில் எல்லாரும் சுகம் என்றுதான் முடிவு வரும். மனம் நொந்தவர்தான் கதவைத் திறக்கத் தயங்குவார். ஆகவே உங்கள் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைக்க முடியாது. நீங்கள் மறுத்தால் அந்த இடம் காலிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. குடியிருப்பாளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேர். அதே விகிதத்தில் எடுத்திருந்தால் ஆறாயிரத்துச் சொச்சம் பேரில் நாம் அறுநூறு பேர் போலத் தேறியிருப்போம். அவர்களை ஆண், பெண், இளையர், முதியவர் என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் மிகச் சிலரே மிஞ்சுவார்கள். அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் மலாய்க்காரர்களையும் இந்தியர்களையும் வேண்டுமென்றே கூடுதலாக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் சேர்த்தார்கள். நாடு முழுவதற்கும் கணக்கு எழுதும்போது விகிதத்தைச் சரிசெய்துகொண்டார்கள். அண்டை வீட்டுச் சீனக் குடும்பத்தைவிட உங்கள் கதவு தட்டப்படும் வாய்ப்பு அதிகம். நம்மை விட்டுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

கேள்வி: ஆய்வுக்குக் கொட்டும் பணத்தில் இன்னும் நாலு டாக்டர்களைப் போடலாமே? (வெஸ்ட் அவென்யூ 6)

பதில்: போடலாம். எங்கே போடுவது, யாருக்காகப் போடுவது என்று தெரிய வேண்டாமா? 2021 முதல் 2025 வரை ஆய்வுக்கும் புத்தாக்கத்துக்கும் அரசு ஒதுக்கியதாக அறிவித்தது 2,500 கோடி வெள்ளி. பெரிய தொகைதான். ஆனால் அது தொழிற்சாலை, நகரத் திட்டம், மின்னிலக்கத் துறை எல்லாவற்றுக்கும் சேர்த்து. மனித ஆரோக்கியம் நான்கு பிரிவுகளில் ஒன்று. மனநலம் அதற்குள்ளே ஒரு மூலை.

மனநல ஆய்விலிருந்து முன்பே வந்த ஒரு பலனைச் சொல்கிறேன். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அஞ்சுவது போன்ற மனச்சிதைவு அறிகுறிகள் தோன்றிய பிறகு, சிகிச்சைக்கு வந்து சேர ஒருவருக்கு இங்கே எவ்வளவு நாளாகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். இடைநிலைக் கணக்கு 12 மாதம். 2001இல் மனநலக் கழகம் தொடக்கநிலையிலேயே கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப மருத்துவர்களுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள், பொதுமக்களிடம் பேசினார்கள். சில ஆண்டுகளில் அந்த 12 மாதம் 4 மாதமானது. இந்த நோய் பெரும்பாலும் இளவயதில் வருகிறது. இருபது வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் என்பது ஒரு படிப்பு, அல்லது முதல் வேலை, அல்லது ஒரு நட்பு வட்டம். முதலில் யாரும் எண்ணாமல் இருந்திருந்தால் அது பன்னிரண்டு மாதம் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி: அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவரிடம் எந்த மொழியில் கேட்பார்கள்? நான் மொழிபெயர்த்துச் சொன்னால் போதாதா? (ஸ்திரீட் 31)

பதில்: இந்த ஒரு கேள்விக்கே பக்கம் முழுவதையும் கொடுக்கலாம்.

2010, 2016 மனநல ஆய்வுகளில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகளில்தான் பேட்டி நடந்தது. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆங்கிலமோ மலாயோ தெரியும் என்பது உண்மை. தெரியாதவர்கள் யார்? வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத பாட்டி. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து நிரந்தரவாசியான மருமகள். தனிமை யாரை அதிகம் தின்னும் என்று கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது இவர்களைத்தான். இவர்களிடம் கேட்காமலே இந்தியரிடையே மனச்சோர்வு இவ்வளவு என்று எழுதினால் அந்த எண்ணை நான் முழுதாக நம்ப மாட்டேன்.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அதே மனநலக் கழகம் 60 வயதுக்கு மேற்பட்ட 2,565 பேரிடம் முதியோர் நலம் பற்றி ஆய்வு நடத்தி, 2013ஆம் ஆண்டுக்கான கணக்கை எடுத்தது. அதில் தமிழ் இருந்தது. ஹொக்கியன், தியோச்சு, கேண்டனீஸ்கூட இருந்தன. அந்த ஆய்வு முறைக்கு 10/66 என்று பெயர். உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றி இல்லையே என்ற ஆதங்கத்தில் 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் உருவாக்கிய குழுவின் பெயர் அது. சென்னையும் வேலூர் கிராமங்களும் அவர்களின் களங்களில் அடக்கம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை என்பதற்காக அவருக்கு மறதிநோய் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்பதில் அந்த முறை கவனமாக இருக்கிறது.

பலன் என்ன? 2013இல் 60 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருந்தது. அவர்களில் 70.6 விழுக்காட்டினருக்கு அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை. 2023இல் மறுபடி எண்ணியபோது நோய் 8.8 விழுக்காடு, கண்டறியப்படாதவர்கள் 51.5 விழுக்காடு. இன்னமும் பாதிப் பேர் தெரியாமல்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பத்தாண்டில் இது பெரிய மாற்றம்.

மொழிபெயர்ப்பு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மகன் பக்கத்தில் இருக்கும்போது, மருமகள் சமையலறையில் நிற்கும்போது, 'வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றியிருக்கிறதா' என்ற கேள்விக்கு எந்தத் தாய் உண்மையைச் சொல்வார்? தமிழில் கேட்கக்கூடியவர் உண்டா என்று ஆய்வுக் குழுவிடம் கேளுங்கள். உண்டென்றால் அம்மாவைத் தனியாகப் பேச விட்டுவிட்டு வெஸ்ட் மால் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். இல்லையென்றால் அதையே ஒரு கடிதமாக எழுதி அனுப்புங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பிலும் சொல்லுங்கள்.

கேள்வி: பூட்டிய கதவை என் மகன் இரவில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறான். வயது 23. இதுவும் ஒரு நோயா, பழக்கமா? (ஈஸ்ட் அவென்யூ 3)

பதில்: பார்க்காமல் படுக்க முடியவில்லை, அதனால் தூக்கமும் வேலையும் கெடுகின்றன என்றால் மருத்துவரிடம் போக வேண்டும் அம்மா. எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். 2016 ஆய்வின்படி இங்கே 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வந்திருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்கள் உதவி தேடிப் போக எடுத்துக்கொண்ட காலம் இடைநிலையில் ஓர் ஆண்டு; எண்ணச் சுழற்சிக்கு 11 ஆண்டு. உங்கள் பிள்ளைக்கு 34 வயதாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்கு ஒரு காரணம், நமக்கு அது நோயாகத் தெரிவதே இல்லை என்பது. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில் 3,006 பேரிடம் நோயாளிகளின் கதைகளைச் சொல்லி என்ன நோய் என்று கேட்டார்கள். மறதிநோயை 66.3 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். எண்ணச் சுழற்சியைச் சொன்னவர்கள் 28.7 விழுக்காடு, மனச்சிதைவை 11.5 விழுக்காட்டினர் மட்டுமே.

வெஸ்ட் அவென்யூ 3இல் உள்ள பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள், அல்லது உங்கள் குடும்ப மருத்துவரிடம். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் மருந்தகம் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். பூட்டைப் பார்க்காமலே அந்தப் பதற்றத்தைத் தாங்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இரண்டும் பலன் தருபவை. அதுவரை 'பூட்டியாயிற்று, நானே பார்த்தேன்' என்று நீங்கள் ஓயாமல் உறுதி சொல்லாதீர்கள். கேட்கக் கேட்க மறுபடியும் கேட்கத் தோன்றும். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1771, தேசிய மனநல உதவி எண். 2025 ஜூனில் தொடங்கியது. 24 மணி நேரமும் இயங்குகிறது.

கேள்வி: நாங்கள் என்ன சோதனை எலிகளா? (வெஸ்ட் அவென்யூ 2)

பதில்: எலியிடம் யாரும் ஒப்புதல் படிவம் நீட்டுவதில்லை. உங்களிடம் நீட்டுவார்கள். படித்துப் பாருங்கள், கேள்வி கேளுங்கள், பாதியில் எழுந்து போகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: வலிப்பு நோய்க்கு 'கார்பமசிபின்' கொடுக்கும் முன் மரபணு ரத்தப் பரிசோதனை என்றார்கள். வீண் செலவுதானே? (ஸ்திரீட் 52)

பதில்: உங்கள் தோலையும் உயிரையும் காக்கும் செலவு. வலிப்புக்கும் இருமுனை மனநிலைக் கோளாறுக்கும் தரப்படும் பழைய, மலிவான, நல்ல மருந்து அது. ஆனால் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு அந்த மருந்தால் தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து வரும். ஐரோப்பியரிடம் இந்த வகை மிக அரிது, தென்கிழக்காசியாவில் அதிகம். மேற்கே நடந்த ஆய்வுகளை மட்டும் நம்பியிருந்தால் இது நமக்குத் தெரிய வந்திருக்காது.

2012இல் வெளிவந்த ஒரு சிங்கப்பூர் ஆய்வு இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பலனுக்கு ஈடாகுமா என்று கணக்குப் பார்த்தது. சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் ஈடாகும், இந்தியர்களுக்கு ஆகாது என்று வந்தது. நம்மிடம் அந்த மரபணு வகை குறைவு என்பதால். குறைவு என்றால் இல்லை என்று பொருளல்லவே. 2013இல் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் வழிகாட்டி வெளியிட்டபோது, புதிதாக இந்த மருந்தைத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினர் எல்லாருக்கும் பரிசோதனை என்றே வைத்தன. அதற்குப் பிறகு இந்த மருந்தால் தோல் உரியும் நோயாளிகள் வருவது பெரிதும் குறைந்துவிட்டது. கணக்கை மட்டும் பார்க்காமல் மூன்று இனத்தவரையும் சேர்த்த அந்த முடிவை நான் மனமார மதிக்கிறேன். பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மனநல மருத்துவரைப் பார்த்தேன் என்று தெரிந்தால் வேலை போய்விடாதா? அப்பா இன்னமும் 'உட்பிரிட்ஜ்' என்றாலே குரலைத் தாழ்த்துகிறார். (ஸ்திரீட் 34)

பதில்: அப்பாவின் பயத்துக்கு வயது அதிகம். 1928இல் திறந்த மனநோய் மருத்துவமனை 1951இல் உட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. 1993இல் புவாங்கோக் வளாகத்துக்கு மாறி மனநலக் கழகமானது. முன்பு உதவி வேண்டுமென்றால் அந்த வாசல்தான். இப்போது அப்படியில்லை: 2030க்குள் எல்லாப் பலதுறை மருந்தகங்களிலும் மனநலச் சேவை இருக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரில் அறிவித்த தேசிய உத்தியின் இலக்கு. அங்கே வரிசையில் நிற்பவர் சர்க்கரைக்கு வந்தாரா, மனச்சோர்வுக்கு வந்தாரா என்று யாருக்கும் தெரியாது.

வேலையைப் பற்றி: 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்டது. 2022 மக்கள்நல ஆய்வின்படி 18 முதல் 29 வயதுள்ளோரில் நால்வரில் ஒருவருக்கு மனநலம் சரியில்லை. உங்கள் முதலாளியின் அலுவலகத்திலும் அவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் கட்டுமான ஊழியர், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். என்னிடம் யாரும் வந்து இப்படிக் கேட்டதே இல்லையே? (ஸ்திரீட் 11 அருகே வேலை)

பதில்: உங்கள் குறை நியாயமானது தம்பி. அந்த இரண்டு மனநல ஆய்வுகளும் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே கேட்டன. 2020இல் விடுதிகளில் கொவிட் பரவி மாதக்கணக்கில் அடைந்து கிடந்த பிறகுதான், அந்த ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு உங்கள் மனநலத்துக்கென்று தனிக் குழு அமைத்தது. மனநலக் கழகமும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பும் அதில் சேர்ந்தன. உதவி தர ஆள் வந்தது நல்லது. ஆனால் எத்தனை பேருக்கு என்ன தேவை என்று, விடுதி விடுதியாகக் குலுக்கலில் பெயர் எடுத்து, உங்கள் மொழியில், உங்கள் மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். கடன், வேலை அனுமதி, ஊரில் காத்திருக்கும் குடும்பம் ஆகிய மூன்றும் கேள்வித்தாளில் இருக்க வேண்டும். பொதுப்பணத்தைச் செலவிட இதைவிடத் தகுந்த ஆய்வு எனக்குத் தோன்றவில்லை. இப்போதைக்கு மனம் கனத்தால் ஹெல்த்சர்வை அழைத்து, தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி நான். டாக்டராகும் மதிப்பெண் இல்லை. இந்த வேலையில் எனக்கு இடம் உண்டா? (வெஸ்ட் அவென்யூ 8)

பதில்: தாராளமாக உண்டு. மனநல ஆய்வில் பயன்படுத்திய பேட்டி முறை, மருத்துவர் அல்லாதவர்கள் பயிற்சி பெற்று நடத்துவதற்கென்றே உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கியது. கேள்வியை எழுதியிருக்கிறபடியே கேட்க வேண்டும். எந்தப் பதிலுக்கும் முகம் சுளிக்கவோ வியக்கவோ கூடாது. 'ஐயோ பாவம்' என்று சொல்லத் தோன்றினாலும் அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். சொன்னதைச் சொன்னபடி பதிய வேண்டும். இதற்குப் பொறுமையும் நேர்மையும் போதும்.

மேலே நான் குறிப்பிட்ட ஆய்வுகள் பலவற்றை வழிநடத்திய மைதிலி சுப்பிரமணியத்தின் ஆய்வுப் பிரிவு மனநலக் கழகத்தில்தான் இருக்கிறது. ஆய்வு உதவியாளர் வேலைக்கு அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே தமிழ் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரியும் என்று போடுங்கள். உங்கள் தோழிகளையும் போடச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வைத் திட்டமிடும்போது, தமிழில் கேட்க ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாமல் போகட்டும்.