குட்டி யானையின் மறுபிறப்பு: திருவொற்றியூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய வண்டிகளைப் பற்றித் தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் கோட்பாடு ஒன்றே ஒன்றுதான். அது பேரீச்சம்பழக் கோட்பாடு. நின்றுபோன வண்டியொன்று யார் வீட்டு வாசலில் கிடந்தாலும், "எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னு" என்று சொல்லும் உரிமை தெருவில் போகிற எவருக்கும் உண்டு. 2021இல் மத்திய அரசு அறிவித்த வாகனக் கழிவுக் கொள்கையை இக்கோட்பாட்டின் அரசு உரை எனலாம். ஒரே வேறுபாடு, பேரீச்சம்பழத்துக்குப் பதில் சான்றிதழ் தருகிறார்கள்.

இக்கட்டுரை அக்கோட்பாட்டை மறுக்கிறது. பழைய சரக்கு வண்டியை உயிர்ப்பிப்பது இரும்பு வேலை அன்று, எழுத்து வேலை என்பதும், அதற்குத் தேவையான முன்னுதாரணங்கள் யாவும் திருவொற்றியூரில் ஆயிரம் ஆண்டுகளாகத் தயார் நிலையில் உள்ளன என்பதும் ஆய்வாளரின் துணிபு.

1. களம்

சென்னையில் பதிவான முதல் மோட்டார் காரின் எண் எம்.சி.1. அதன் உரிமையாளர் சென்னைத் துறைமுகத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங். ஆகவே வண்டிக்கு நம்பர் வாங்கும் மரபு இவ்வட்டாரத்தில் துறைமுகத்திலிருந்தே தொடங்குகிறது. வடக்கே எண்ணூரில், ரகுநந்தன் சரண் 1948இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி, 1955இல் அசோக் லேலண்டாகி, லாரிகளுக்கு மாறியது. அதே 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் செய்தது. தெற்கே காசிமேடு, மீன். மேற்கே மணலி, எண்ணெய். கிழக்கே கடல், அதாவது துரு. வண்டி பிறப்பதற்கும் உழைப்பதற்கும் உளுத்துப்போவதற்கும் வேண்டிய எல்லாம் நான்கு திசையிலும் அமைந்த ஊர் இது.

2. பொருள்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது டாடா ஏஸ். மக்கள் வழக்கில் குட்டி யானை. 2005 மே மாதம் அறிமுகமானது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், 16 குதிரைத் திறன். பதினாறு குதிரைகள் கூடி ஒரு யானையாவது உலக விலங்கியலில் வேறெங்கும் பதிவாகாத செய்தி. அதுவும் குட்டிதான்.

மாதிரி வண்டி 2006ஆம் ஆண்டினது. காசிமேட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வாழ்ந்தது. உரிமையாளர் காலமானபின் முருங்கை மரத்தடியில் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் பூனை ஒன்று முறைப்படி பதிவு செய்யாமலே குடியேறியிருந்தது. அப்பாவின் வண்டியை ஓட்டியே தீருவேன் என்று மகன் கிளம்பியதால் இவ்வாய்வு சாத்தியமாயிற்று.

3. உடற்கூறு

மீன் வண்டியின் நோய் மற்ற வண்டிகளின் நோய் அன்று. பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடு கலந்து டெக்கின் தகடு வழியே இறங்கி, சேசிஸ் இணைப்புகளில் தங்கி, உள்ளிருந்து தின்னும். மேலே பெயிண்ட் பளபளக்கும். சுத்தியால் தட்டினால் அப்பளம்.

சிகிச்சையில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உள. முதலாவது டிங்கரிங் பள்ளி: அரித்ததை வெட்டு, தகடு வைத்து வெல்டு அடி, பட்டி பூசு, தேய். இரண்டாவது புதுப்பேட்டைப் பள்ளி: எதற்கு வெட்டுவது? கதவு, ரேடியேட்டர், ஆக்சில், கியர்பாக்ஸ் எதுவானாலும் பழைய சாமான் கடையில் இன்னொரு யானையின் உறுப்பு கிடைக்கும், மாற்றிவிடு. இரண்டுக்கும் இணங்காதவர்கள் ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான் வாங்கி ஏழையாகிறார்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு இவ்வூரிலேயே ஆறுதல் உண்டு. கலிய நாயனார் திருவொற்றியூர் எண்ணெய் வணிகர். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியே செல்வமெல்லாம் கரைந்து, கூலிக்குச் செக்கு ஓட்டி, கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் குருதியையே ஊற்றத் துணிந்தவர். என்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் நகை அடகு வைப்பவர்கள் தம்மை முதல்வர் என்று எண்ணிக்கொள்ள வேண்டா.

இங்கே ஒரு கிரேக்கச் சிக்கல் எழுகிறது. தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி முடித்தபின் அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸ் அறிஞர்கள் வாதிட்டதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். கதவு ஒரு வண்டியினது, கியர்பாக்ஸ் வேறொன்றினது, டெக் புதிது என்றால் இது அதே குட்டி யானையா? ஏதென்ஸில் முடியாத வழக்கை இந்திய மோட்டார் வாகனச் சட்டம் முடித்து வைத்திருக்கிறது. அது அடுத்த இயல்.

4. உயிர் இருக்கும் இடம்

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மோட்டார் வாகனம் என்பதற்குள் பாடி பூட்டாத வெறும் சேசிஸையும் சேர்க்கிறது. உடல் இல்லாவிட்டாலும் வண்டி வண்டியே. உயிர் சேசிஸில் உள்ளது, அதன் பெயர் சேசிஸ் நம்பர்.

அந்த நம்பரை அதிகாரிக்குக் காட்டும் முறை கவனிக்கத்தக்கது. துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினால் எழுத்துகள் எழும்பும். திருவொற்றியூர்க் கோயில் சுவர்களில் கல்வெட்டாளர்கள் காகிதமும் மையும் கொண்டு படியெடுத்ததற்கும் இதற்கும் முறையியலில் வேறுபாடு இல்லை. அங்கே சோழர் எழுத்து, இங்கே தொழிற்சாலை எழுத்து. இரண்டிலும் நடுவில் ஓர் எழுத்து சிதைந்திருக்கும், அதன்மேல்தான் எல்லாச் சண்டையும் நடக்கும். கல்வெட்டில் எழுத்துச் சிதைந்தால் ஆய்வாளருக்கு முனைவர் பட்டம். சேசிஸில் சிதைந்தால் உரிமையாளர்மேல் திருட்டு வண்டி ஐயம்.

இக்கோயிலின் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று, மடத்தலைவர் சதுரானன பண்டிதர் சொற்படி கருவறையைக் கல்லால் எடுத்தவன் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று பெயர் சொல்கிறது. புதுப்பித்தவன் பெயரைப் பொறிக்கும் நாகரிகம் அன்று இருந்தது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயர், அவர் தந்தை பெயர், கடன் கொடுத்தவர் பெயர் உண்டு. டிங்கர் பெயருக்குக் கட்டம் இல்லை. இது சோழர் காலத்தோடு ஒப்பிடத் தெளிவான பின்னடைவு.

5. பதி, பசு, பாசம்

பழைய வண்டியின் நிலையைச் சைவ சித்தாந்தம்போல் விளக்கும் தத்துவம் வேறில்லை. பசு என்பது வண்டி. பதி என்பது பதிவு அதிகாரி; எங்கும் நிறைந்தவர், ஆனால் இருக்கையில் காண்பது அரிது. இரண்டும் சேரவிடாமல் தடுப்பது பாசம். அது மும்மலம்.

ஆணவம்: செம்பில் களிம்புபோல் உயிரோடு ஒட்டியே பிறப்பது என்பர் பெரியோர். கடலோர வண்டிக்கு அது துரு. கன்மம்: முன்செய்த வினை. பழைய ஓட்டுநர் சிக்னல் தாண்டிய சலான், வண்டி கைமாறினாலும் கூடவே வரும். கடன் கட்டி முடித்தபின்னும் ஆர்.சி.யில் நிற்கும் எச்.பி. என்ற அடமானக் குறிப்பும் இவ்வகையே. கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதத்தோடு 35ஆம் படிவம் கொடுத்து நீக்கும்வரை அவ்வினை தீராது. நிறுவனமே இழுத்து மூடப்பட்டிருந்தால் அது பிராரத்தம், அனுபவித்தே கழிக்க வேண்டும். மாயை: பட்டியும் பெயிண்டும். விற்பவர் காட்டுவதும் வாங்குபவர் காண்பதும் இதையே.

6. படிவங்களும் அடியார்களும்

உரிமையாளர் இறந்தபின் வாரிசுக்கு மாற்றுவது 31ஆம் படிவம். இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்தால் வாரிசு மூன்று மாதம் வண்டியை ஓட்டலாம், அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டு மத்திய விதிகள். நம் மாதிரி வண்டிக்கு மூன்று ஆடி கழிந்துவிட்டது. போகிறவன் எதையும் கொண்டுபோவதில்லை என்று உலகுக்கு உரைத்த பட்டினத்தார் அடங்கிய ஊர் இது. அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை இவ்வாய்வு சேர்க்கிறது: கொண்டுபோவதில்லைதான், ஆனால் ஒரிஜினல் ஆர்.சி.யை எங்கே வைத்தான் என்ற செய்தியை மட்டும் கொண்டுபோய்விடுகிறான். பின் காவல் நிலையப் புகார், நகலுக்கு 26ஆம் படிவம், வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல், பிரமாணப் பத்திரம்.

பிரமாணம் என்றதும் நினைவுக்கு வருபவர், இவ்வூர்ச் சங்கிலியாரை மணந்த நாயனார் சுந்தரர். உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்ய வேண்டிய நிலையில், அந்நேரம் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி இறைவனோடு ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கு என்று சங்கிலியாருக்கே தகவல் கொடுத்துவிட்டார். பிரமாணப் பத்திரத்தில் எழுதுவது எங்கே சரிபார்க்கப்படும் என்று எழுதுபவருக்குத் தெரியாது என்பது இதனால் பெறப்படும் விதி. அப்புறம் சுந்தரர் சொன்ன சொல்லை மீறி ஊர் எல்லை தாண்டினார், எல்லையிலேயே கண் போயிற்று. வேறு வட்டாரத்துக்கு வண்டியை மாற்றுமுன் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியதன் தொன்மம் இதுவே. இழந்த விளக்குகளில் ஒன்று காஞ்சியிலும் மற்றது திருவாரூரிலும் கிடைத்ததைப் பார்த்தால் அலைச்சலும் புதிதன்று என்பது புலனாகும்.

7. எஃப்.சி. என்னும் வேள்வி

எஃப்.சி. எனும் தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டியைச் செல்லத்தக்க பதிவு உடையதாகக் கொள்ள முடியாது என்கிறது சட்டத்தின் 56ஆம் பிரிவு. எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. அதாவது பழைய குட்டி யானை ஆண்டுக்கொரு முறை தான் இருப்பதை நிரூபிக்க வேண்டும். பிரெஞ்சுத் தத்துவவாதி தேக்கார்த்துக்குச் சிந்தித்தால் போதுமாக இருந்தது. இதற்கு ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், ஒளிரும் ஸ்டிக்கர், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாததால் பர்மிட் மட்டும் தேவையில்லை. சட்டம் யானைக்குக் காட்டிய ஒரே கருணை.

இது குறித்துக் களத் தகவலாளியான மெக்கானிக் ஒருவர் கூறியதை அப்படியே தருகிறோம்: "வண்டி ஓட்றது இன்னா பெரிய விஷயம் சார், நான் ஓட்டிக் காட்டிர்றேன். பேப்பர் ஓடணுமே, அதுக்கு எந்த ஸ்பேனர் போடுவ?" கருதுகோள் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் கூறப்படவில்லை.

8. ஓர் ஆட்சேபமும் மறுப்பும்

பழமை வண்டி என்று பதிவு செய்துவிட்டால் என்ன என்பார் சிலர். 2021ஆம் ஆண்டு விதிப்படி 50 வயது கடந்த வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி, வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண் பெறலாம், பத்தாண்டு செல்லும். ஆனால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும்தான் ஓட்டலாம். முதல் குட்டி யானைக்கு ஐம்பது வயது ஆவதே 2055இல்தான். அன்றும் மீன் ஏற்ற முடியாது. ஏற்றியது மீன் அன்று, ஆராய்ச்சிப் பொருள் என்று வாதிடலாம், வாசனை காட்டிக்கொடுக்கும்.

9. முடிபு

துருவுக்கு மருந்து உண்டு, தேய்மானத்துக்குப் புதுப்பேட்டை உண்டு. எழுத்தில் பிழைபட்ட வண்டிக்கு ஒன்றும் இல்லை. பேரீச்சம்பழக் கோட்பாடு தோற்றது இரும்பால் அன்று, காகிதத்தால். மாதிரி வண்டி இப்போது மகன் பெயரில், எஃப்.சி.யுடன், காசிமேட்டுக்கும் சந்தைக்குமாக ஓடுகிறது. பூனை மட்டும் பெயர் மாற்றத்துக்கு ஆட்சேபம் தெரிவித்து வெளியேறியது.

பழைய சரக்கு வண்டி வாங்க நினைக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். என்ஜினைத் திறக்கச் சொல்லுமுன் ஆர்.சி.யைத் திறக்கச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பரை நீங்களே உரசிப் பாருங்கள். எச்.பி. நீங்கியதா, சலான் பாக்கி உண்டா, விற்பவரும் பதிவில் உள்ளவரும் ஒருவரேதானா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் வண்டி இருந்தால், ஆர்.சி. எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை இன்றே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.