படிக்கட்டுக் கோடு

ஆரணியில் எங்கள் வீட்டு மயிலுக்குக் கழுத்து வளையாது, படியிறங்கும். கட்டம் போட்ட தாளில் நெடுக்கே ஒரு வரிசை என்றால் ஜக்கார்டு தறியில் ஒரு கொக்கி. குறுக்கே ஒரு வரிசை என்றால் ஓர் அட்டை. சிவப்புப் பென்சிலால் நிரப்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை விழும், பாவு இழை மேலே எழும்பும். அரைக் கட்டம் என்ற பேச்சே கிடையாது. தோகை, கொண்டை எல்லாவற்றோடும் மயில் 240 கொக்கிக்குள் அடங்கியாக வேண்டும். அப்பா அடக்கினார். எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எழுபதுகளில் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். தனபால் முதல்வராக இருந்த காலம். நம் திருவண்ணாமலையில் பிறந்த சந்தானராஜ் அங்கே வாத்தியார் என்பதுதான் வீட்டில் நான் வைத்த ஒரே வாதம். “அவரு எந்த முதலாளிகிட்ட?” என்று கேட்டார் அப்பா.

அந்தக் கல்லூரிக்குப் பெருமையே கோடுதான். என் கோடோ மாடலின் தோளில்கூடப் படியேறியது. கூடப் படித்தவர்கள் ‘படிக்கட்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தறியை மறந்தால்தான் கை விடுதலையாகும் என்றார் ஓர் ஆசிரியர்.

மறக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தால், 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக நூறு காந்திகளைக் கோட்டிலேயே எழுப்பிய ஆதிமூலத்துக்கு உத்தியோகம் நெசவாளர் சேவை மையத்தில்! பம்பாய் மையத்தில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனும் இருந்துவிட்டுப் போயிருந்தார். 1966இல் ஓவியர் பணிக்கரோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் குடியேறியவர்களுக்கும் கைகொடுத்தது பாத்திக் துணி. நவீன ஓவியம் பாதி நாள் துணியை நம்பித்தான் சாப்பிட்டது. அதைக் கண்காட்சிக் கையேட்டில் போடமாட்டார்கள்.

என் முதல் கண்காட்சிக்குச் சித்தப்பா பஸ் பிடித்து வந்தார். நேரே படத்திடம் போனார், சுவரிலிருந்து லேசாக விலக்கிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். புடவையில் வேலை சுத்தமா என்று காட்டிக்கொடுப்பது பின்பக்கம்தானே. “பின்னாடி ஒண்ணுமே இல்லியேடா” என்றார். அன்று வந்த விமர்சனங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இப்போது காலம் நன்றாகவே மாறியிருக்கிறது. அப்பாவின் பழைய தாள்களைப் பார்த்த ஓர் இளம் கியூரேட்டர், “சார், இது பிக்சல்! அந்தக் காலத்திலேயே!” என்று துள்ளினார். கண்ணாடிச் சட்டம், மேலே தனி விளக்கு. தலைப்புக் கேட்டார்கள், ‘முந்தி’ என்றேன். ஆழமான தலைப்பு என்றார்கள். பக்கத்திலேயே தொங்கிய என் கேன்வாஸ்களில் படி ஒன்றுகூட இல்லை, அத்தனையும் வழவழவென்று வளைந்திருக்கும். யாரும் நிற்கவில்லை.

ஆரணியில் அக்கா மகன் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான். அவன் மயிலுக்குக் கழுத்து வளைகிறது. 2008இல் சென்னை சில்க்ஸ் ரவிவர்மா ஓவியங்களைப் பட்டில் நெய்து 40 லட்சம் ரூபாய்க்குப் புடவை செய்த கதை அவனுக்கு மனப்பாடம். போன மாதம் ஆதிமூலத்தின் காந்திகளை அவனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டினான்.

“மாமா, இதை முந்தியில போட்டா என்ன? வெறும் கோடுதானே. ஜரிகை மிச்சம்.”