ட்ரையல் பால் தடைச் சட்டம்: ஒரு வரவேற்பு மடல்

பெறுநர்: செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்

ஐயா,

லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்துப் பூரித்துப்போனேன். பிள்ளைகள் மாலையில் தாமாகக் கூடி ‘முறையின்றி’ கிரிக்கெட் ஆடுவதற்குத் தடை. பதிலாக ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பயிற்சியாளர், சீருடை, பத்து வயதுக்குட்பட்டோர் லீக், பெற்றோருக்கு வாட்ஸ்அப் குழு. இத்தனை நாளாகப் பிள்ளைகளின் விளையாட்டைப் பிள்ளைகளிடமே விட்டுவைத்திருந்தோமே!

அந்த முறையற்ற ஆட்டத்தின் அக்கிரமங்களைத் தாங்கள் முழுதாக அறியமாட்டீர்கள்; நான் பால்கனியிலிருந்து பார்ப்பவன். அணி பிரிக்கத் தேர்வுக் குழு கிடையாது, சாட் பூட் த்ரீதான். ஆள் ஒற்றைப்படையாக வந்தால் ஒருவன் இரண்டு பக்கமும் பேட் பிடிப்பான். எவனாவது ஐந்து வயதுத் தங்கையைக் கூட்டிவந்தால் அவள் ஒப்புக்குச் சப்பாணி: அவளுக்கு உருட்டித்தான் போட வேண்டும், முதல் பந்திலேயே அவுட் கொடுக்கக் கூடாது. இடம் சின்னது, அதனால் ஒன் பிட்ச் கேட்ச். இவற்றையெல்லாம் எந்தப் பொதுக்குழு நிறைவேற்றியது? ரன் அவுட்டா இல்லையா என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கடைசியில், “சரிடா, ட்ரையல் பால்னு வெச்சுக்கோ” என்று எவனாவது சொல்ல, அடுத்த பந்து போடப்பட்டுவிடும். பேட்டுக்குச் சொந்தக்காரன் முறைத்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு அணியும் பின்னாலேயே ஓடிச் சமாதானம் செய்யும். நம் பராமரிப்புக் கட்டணத் தகராறு மூன்று பொதுக்குழுவாக இழுக்கிறதே, அந்தக் கண்ணியம் இவர்களுக்கு எங்கே வரப்போகிறது?

போன ஞாயிறு தொடங்கிய லீக்கில் அந்தக் குறை தீர்ந்தது. “இறங்கி அடிடா” என்று ஒரு பக்கம் அப்பா, “கட்டை போடு” என்று மறுபக்கம் மாமா. பையன் பந்தைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்து போல்டானான். பிறகு ஓர் எல்பிடபிள்யூவுக்காக இரண்டு தந்தையர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய புதல்வர்கள் பவுண்டரி ஓரமாக உட்கார்ந்து, ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் கைவிட்டபடி வேடிக்கை பார்த்தார்கள்.

வயதுச் சான்று கேட்டிருப்பதும் நல்லதே. பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கும் நிலைக்குக் கிரிக்கெட் வாரியமே வந்துவிட்டது. பிறந்த தேதியைத் திருத்தத் தாசில்தார் ஆபீஸுக்கு அலைந்தது பத்து வயதுப் பயல்களாகத்தான் இருக்கும்.

சிலர் குறுக்கே பேசுவார்கள். மேற்கு மாம்பலத் தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அஸ்வின், தெருக் கிரிக்கெட்டில் கற்ற சொடுக்குப் பந்தை டெஸ்ட் வரை கொண்டுபோய் 537 விக்கெட் எடுத்தார் என்பார்கள். நார்வேயில் பதினோரு வயதாகும் ஆண்டுவரை பிள்ளைகளுக்குத் தரவரிசைப் பட்டியலே போடக் கூடாதாம். அப்படியும் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கி முதலிடம் பிடித்தார்களாம். அங்கே பனி அதிகம், நமக்குச் சரிவராது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

லீக்கில் யாருக்கு ஆர்வம் என்பது ஞாயிறன்றே தெளிவாகிவிட்டதால் ஒரு யோசனை: சீருடையை நாற்பத்திரண்டு சைஸில் தைத்துத் தந்தையரையே இறக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு விசில் வாங்கிக் கொடுத்தால், “ஓடுப்பா, தொந்தியைத் தூக்கிட்டு ஓடு” என்று கோட்டுக்கு வெளியே நின்று ஊக்கப்படுத்துவார்கள். மற்ற நாட்களில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தின் கேட்டை நாலு மணிக்குமேல் பூட்ட வேண்டாம். அங்கே சிசிடிவியும் வேண்டாம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த குடியிருப்பாளன், பி பிளாக்

நகல்: கேட்டுச் சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் அண்ணன்