பெட்டிமேல் விலையும் ‘க’வின் மதிப்பும்: சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நேரிய சமன்பாடு பள்ளிக்கூடக் கரும்பலகையில் பிறக்கிறது என்பது கல்வித்துறையின் நெடுநாள் நம்பிக்கை. தீபாவளிக்கு முந்தைய மாதம் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு ஒருமுறை போய்வந்தவர் இதை ஏற்கமாட்டார். கடைக்குக் கடை தொங்கும் ‘80% தள்ளுபடி’ பலகையே அதன் பிறப்பிடம் என்று நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

முதற்சான்று. ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸை 400 ரூபாய்க்கு விற்றால் கட்டுப்படியாகும் என்று வைத்துக்கொள்வோம். 80% தள்ளுபடியும் கொடுத்தாக வேண்டும். பெட்டிமேல் போடவேண்டிய விலை ‘க’ எனில், க-வில் ஐந்திலொரு பங்கு 400; ஆகவே க = 2,000. எதிர்க்கடைக்காரர் 90% பலகை மாட்டிவிட்டாரா? கவலையில்லை. க-வில் பத்திலொரு பங்கு 400; க = 4,000. தள்ளுபடி ஏறியது, விலையும் ஏறியது, வாங்குபவர் கொடுப்பதோ அதே 400. மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்தவர் 3,600 ரூபாய் மிச்சம் பிடித்த பூரிப்போடு திரும்புகிறார். வேன் வாடகை சமன்பாட்டுக்கு வெளியே நிற்கிறது.

முன்னோர் ஆய்வைத் தொடாத ஆய்வேடு செல்லாது. பாஸ்கராசாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பீஜகணிதத்தில், தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறப்பெயர்கள் வருகின்றன. சிவகாசி இம்மரபை இன்றும் காத்துவருகிறது: நீலத்துக்குச் செம்பு உப்பு, மஞ்சளுக்குச் சோடியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். பச்சைக்கு பேரியம் வேண்டும். உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டிருப்பதால் அந்த மாறியை இவ்வாய்வு கைவிடுகிறது.

அசமன்பாட்டுக்கு வருவோம். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் அச்சேற்றினார். பெரிது, சிறிது என்னும் குறிகள் தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631-இல்தான் வந்தன, அதுவும் அவர் இறந்து பத்தாண்டு கழித்து. சிவகாசிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தொழிலே அசமன்பாட்டில்தான் நடக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று வெடிக்க அரசு ஒதுக்கிய நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எண்கோட்டில் வரைந்தால் இரண்டே துண்டு. எட்டு மணிக்குமேல் தெருவில் கேட்பது தீர்வுக் கணத்தில் சேராது. சரவெடிக்கு வந்தால், கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்கேற்ப வரம்பு குறையும் என்று சொல்லி விதிக்குள் மடக்கை புகுந்துவிடுகிறது. அது பெரிய வகுப்புச் சமாச்சாரம்.

‘இந்தப் பக்கம் ப்ளஸ், அந்தப் பக்கம் மைனஸ்’ என்பதைப் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். மைனஸால் வகுத்தால் குறியே திரும்பும் என்பதுதான் நழுவிவிடும். வெடிமருந்து செலுத்தும் அறை ஒன்று 20 சதுர மீட்டர் என்போம். ஆளுக்கு 3 சதுர மீட்டர் போக, குறைந்தது 8 காலியாக இருக்கவேண்டும். ஆட்களின் எண்ணிக்கை ‘க’ எனில், 20 − 3க ≥ 8. இருபதைப் பக்கம் மாற்றினால் −3க ≥ −12. இப்போது −3 ஆல் வகுத்து, குறியையும் திருப்பினால் க ≤ 4. நாலு பேருக்கு மேல் கூடாது. திருப்ப மறந்தால் க ≥ 4. நாலு பேருக்குக் குறையாமல் எத்தனை பேரையும் உட்காரவைக்கலாம் என்று விடை வரும். இங்கே மட்டும் கேலி நிற்கட்டும். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அறைகளில் அளவுக்கு மீறி ஆட்கள் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. போர்மேன் மறக்கக் கூடாத குறி அது.

பாடநூல் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பதிப்பில் ராமு வாங்கும் மாம்பழங்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, சிவகாசி விலைப்பட்டியல் ஒன்றை அப்படியே பயிற்சிக் கணக்காகப் போடுங்கள். புத்தகம் அச்சடிக்க வேறு ஊர் தேடவும் வேண்டாம்; அச்சகத்துக்கும் அங்கே பஞ்சமில்லை.