வடசேரி உரைமரபும் இண்டி ராக்கும்: ஒரு பாம்பை முன்வைத்து

இண்டி ராக் எனப்படுவது யாதெனின், பெரிய இசைக் கம்பெனிகளின் தயவை நாடாமல் நாலைந்து பேர் கூடி, சொந்தக் காசில் கிட்டார் வாங்கி, தம் பாட்டைத் தாமே கட்டி, அதன் சொற்கள் கேட்பவர் காதில் தெளிவாக விழுந்துவிடாதபடி பாடுவது. இவ்விலக்கணத்தின் முதல் மூன்று உறுப்புகளையும் உலகம் ஒப்புக்கொண்டாயிற்று. நான்காவது உறுப்பு வடசேரியில் கண்டறியப்பட்டது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை.

கோயில் நகைக்கும் கைத்தறிக்கும் கனகமூலம் சந்தைக்கும் பேர் பெற்ற வடசேரியில் இண்டி ராக்குக்கு என்ன சோலி என்று கேட்பாரும் உளர். அவர் விடியற்காலையில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்றதில்லை என்க. திருவனந்தபுரம் வண்டியில் ஏறுகிற பையன்களில் பாதிப் பேர் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்கள். மடியில் சோற்றுப் பாத்திரம், காதில் இயர்போன். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்து போவதற்குள் ஒரு ஆல்பம் முழுதாக முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும். இப்படித்தான் திருவனந்தபுரத்தில் பிறந்த ‘அவியல்’ என்ற மலையாள ராக் குழு வடசேரிக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் குழுவின் பெயரிலேயே ஆல்பம் வெளியிட்டது 2008இல். 2011இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் யானைக்கள்ளன் பாட்டு வந்தபின் வடசேரியில் அவர்களைத் தெரியாதவர் குறைவு. தெரியாதவர்கள் பெயரைக் கேட்டதும் சீனியவரைக்காய் போடுவார்களா மாட்டார்களா என்று விசாரித்தார்கள். அது வேறு ஆய்வு.

நம் கருதுகோள் இது: உரை பாட்டுக்கு மூத்தது. கேட்பவன் பொருளை முன்கூட்டியே மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டு, அதைக் கட்டி விடுவதற்கு ஒரு பாட்டைத் தேடுகிறான். பாட்டு தெளிவாக இருந்தால் முடிச்சு ஏறாது. ஆகவே தெளிவின்மை இண்டி ராக்கின் குறையன்று, உரைகாரனுக்கு விடப்பட்ட மானிய நிலம் என்க.

இதற்கு வெளிநாட்டுச் சான்று உண்டு. அமெரிக்காவில் கிங்ஸ்மென் என்ற குழு 1963இல் ‘லூயி லூயி’ என்றொரு பாட்டைப் பதிவு செய்தது. பாடியவர் வாய்க்குள் என்ன வைத்திருந்தாரோ, ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் ஆபாசம்தான் இருக்கும் என்று பெற்றோர்கள் முடிவு கட்டி மேலிடத்துக்கு எழுத, 1964இல் எஃப்.பி.ஐ. விசாரணையில் இறங்கியது. இசைத்தட்டை வேகமாகச் சுழற்றினார்கள், மெதுவாகச் சுழற்றினார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் உழைத்த பின் எந்த வேகத்தில் கேட்டாலும் ஒன்றும் புரியவில்லை என்று கோப்பை மூடினார்கள். ஆபாசம் பெற்றோர்களிடம் முன்பே இருந்தது, பாட்டில்தான் இல்லை. கருதுகோள் இதனால் வலுப்பெறும்.

ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு இன்னும் நேர்மையானது. 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்குப் பெயர் இல்லை. வெறும் இரண்டு அடைப்புக்குறிகள். பாட்டுகளுக்கும் தலைப்பு வைக்கவில்லை. மொழியோ எவரும் பேசாத, தாங்களே உண்டாக்கிய குழறல். கூடவே தந்த சிறு புத்தகத்தில் வெற்றுத் தாள்கள். கேட்பவர் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளலாம். மூலம் இல்லாமல் உரைக்கு மட்டும் தாள் ஒதுக்கிய பதிப்பு உலக இலக்கியத்தில் வேறு உண்டா என்பது ஆராயத் தக்கது.

நமக்கோ இதெல்லாம் புதிதல்ல. தொல்காப்பியத்துக்கு உரைகாரர் அறுவர், திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர். அவர்களில் இண்டி ராக்குக்கு உரை எழுதத் தகுதியானவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தயங்காமல் நச்சினார்க்கினியர் என்பேன். பரிமேலழகர் கூடாது, அவர் ஒழுங்குக்காரர், கிட்டார் சத்தத்தில் தலைவலி வந்துவிடும். நச்சினார்க்கினியரோ பத்துப்பாட்டுக்கு உரை சொல்லும்போது ஓரடியில் கிடக்கும் சொல்லைப் பல அடிகள் தாண்டிக் கொண்டுபோய் வேறோர் அடியோடு மாட்டுவார். 103 அடி கொண்ட முல்லைப்பாட்டை அவர் இப்படிப் பிரித்துக் கோத்ததைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல்தான் மறைமலையடிகள் அதற்குத் தனி ஆராய்ச்சியுரை எழுதினார். அடிகளின் கோபம் நியாயமானது. ஆனால் பாட்டின் முதல் நிமிடத்தில் வரும் ‘மழை’யை நான்காம் நிமிடத்தில் வரும் ‘அவள்’ மேல் ஏற்றி, ‘பாத்தியாடே, பிரிவு!’ என்று சொல்லுகிற வடசேரிப் பையனுக்கு நச்சினார்க்கினியரே குலகுரு.

நன்னூலார் செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையான பொருள்கோள் எட்டு என்றார். ஆற்றுநீர்ப் பொருள்கோள், அதாவது முன்னிருந்து பின்னாக நீரோட்டம்போல் பொருள் செல்வது, இண்டி ராக்கில் இல்லை; இருந்தால் அது சினிமாப் பாட்டு என்க. அடிமறிமாற்று மிகுதி. எந்த அடியை எங்கே தூக்கி வைத்தாலும் பொருள் கெடாது. பொருள் இல்லாததாலும் கெடாதிருக்கலாம் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அது பிற்சேர்க்கையில் ஆராயப்படும், பிற்சேர்க்கை அச்சாகவில்லை. நம் ஆய்வுக்கு முக்கியமானது அளைமறிபாப்பு. பாம்பு புற்றுக்குள் நுழையும்போது தலையை மடித்துத் திரும்புவதுபோல, இறுதியில் நின்ற சொல் இடைக்கும் முதலுக்கும் போய்ப் பொருள் தருவது அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலாராகிய பவணந்தி முனிவர் இதை வகுத்தபோது அவருக்கு அவியல் குழுவின் ‘ஆடு பாம்பே’ என்ற பாட்டு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் தெரிந்திருந்தது என்று கொள்வதே ஆய்வுக்கு வசதி.

அப்பாட்டை வைத்து வடசேரியில் கிளைத்த உரைமரபுகளை இனிக் காண்போம்.

மூத்தது பட்டறை மரபு. வெள்ளிச் சட்டத்துக்குள் அரக்கை நிரப்பி, அதில் கெம்புக் கல்லைப் பதித்து, சுற்றிலும் தங்கத் தகட்டை அழுத்திக்கொண்டே பாட்டுக் கேட்பவர்கள் இதைச் சேர்ந்தவர்கள். புது வேலைக்காரப் பையன் ஒருவன் செல்போனில் இந்தப் பாட்டைப் போட்டபோது நடந்த உரையாடல் இம்மரபின் மூலநூலாகக் கருதப்படுகிறது.

“எடே மக்கா, இது எந்தப் பாம்பச் சொல்லுகானுவ?”

“தெரியல்ல அண்ணாச்சி. பேண்டுகாரனுவளாக்கும். சும்மா பாடுகானுவளா இருக்கும்.”

“சும்மா எவன்டே பாடுவான்? கையில என்ன வச்சிருக்கா, பாரு.”

பையன் கையில் இருந்தது ஜடைநாகம். பரதம் ஆடுகிற பெண் பின்னலில் வைத்துக்கொள்வது. ஆடச் சொல்லப்படும் பாம்பு எது என்பது அத்துடன் தீர்ந்தது. இது ஆட்டக்காரியின் முதுகில் புரளும் ஜடைநாகத்தை விளித்துப் பொற்கொல்லன் பாடியது. கூலி பாக்கி நிற்பதால் குரலில் அந்தக் கரகரப்பு. மூலத்தில் கூலி பற்றிய குறிப்பு இல்லையே என்றால், குறிப்பெச்சம் என்க. இந்த உரை தன்னளவில் பிழையற்றது. ஒரு சொல்லும் வீணாகவில்லை, சில சொற்கள் கூடியிருக்கின்றன.

சந்தை மரபு ஏத்தங்காய்க் குலை ஏற்றுகிற இடத்தில் தோன்றியது. லாரி எஞ்சினை அணைக்காமல் கேட்டதால் அவர்களுக்குக் கிடைத்த பாடம் ‘ஆடு, பாம்பே’ என்பது. வெளியூர் லோடில் ஓர் ஆடு தவறி ஏறி மும்பை வரை போய்விட்ட துயரக் கதை. இம்மரபினர் பாட்டின் இரண்டாம் பாதியில் தாராவி வருகிறது என்று சாதிக்கிறார்கள். பேருந்து மரபோ பாம்பு என்பது களியக்காவிளையில் நிற்கும் வண்டி வரிசை என்று ஒரே வரியில் முடித்துவிட்டுத் தூங்கிப்போனது.

இவற்றை எல்லாம் எளிதில் அடக்கிவிடக்கூடிய ஒரு செய்தி உண்டு, அதை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. அந்தப் பாட்டின் சொற்கள் ஸ்ரீநாராயண குருவுடையவை. 1928இல் சமாதியடைந்தவர் ராக் குழுவுக்கு எழுதியிருக்க முடியாது. குழுதான் அவரிடம் போனது. குரு அப்பாட்டுக்கு வைத்த பெயரே ‘குண்டலினிப் பாட்டு’. தமிழ்ச் சித்தர் மரபில் தோய்ந்தவர் அவர். பாம்பாட்டிச் சித்தர் பாம்பை ஆடச் சொன்னது எதற்கென்று அறிந்து, தாமும் மலையாளத்தில் ஆடச் சொன்னார். அவர் தவம் செய்த பிள்ளைத்தடம் குகை எங்கோ இல்லை. வடசேரியிலிருந்து கன்னியாகுமரிச் சாலையில் போனால் பொற்றையடிப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மருந்துவாழ்மலையில் இருக்கிறது. ஆக, இந்த மண்ணிலிருந்து ஒரு பாம்பு மலையாளம் போய், எலெக்ட்ரிக் கிட்டாரைச் சுற்றிக்கொண்டு, கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறது. கடைசிச் சொல் முதலில் போய்ச் சேருகிறது. அளைமறிபாப்பு இதனினும் தெளிவாக அமைதல் அரிது.

நூலாசிரியரே தலைப்பில் பொருளைச் சொல்லிவிட்ட இந்த ஒரு பாட்டுக்குத்தான் வடசேரியில் உரை அதிகம் என்பதைக் கவனிக்க. செய்தி பட்டறைக்குச் சொல்லப்பட்டது. அண்ணாச்சி கல்லை ஊதித் துடைத்துவிட்டு, “குரு பெரியவருதான். ஆனா ஜடைநாகம் அவரு செஞ்சதில்லைல்லா?” என்றார். இதற்கு மறுப்பு இதுவரை எழுதப்படவில்லை.

பாடபேதம் பற்றிச் சில சொற்கள். உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராக ஏடு தேடினார். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஒரே இயர்போனை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டால் அதே இருக்கையில் இரண்டு பாடம் கிடைத்துவிடுகிறது. இடக்காதில் ஒன்று தூக்கலாகவும் வலக்காதில் வேறொன்று தூக்கலாகவும் கலக்கிற ராக் ஒலிப்பதிவுகளில், இடக்காதுக்காரன் சொல்லை நம்புகிறான். வலக்காதுக்காரன் கிட்டாரை நம்புகிறான். தக்கலை தாண்டும் முன் சண்டை. யார் பாடம் சுத்த பாடம் என்பதில், எவர் காதில் சார்ஜ் முதலில் தீர்கிறதோ அவர் விட்டுக்கொடுப்பதே நடைமுறை.

இனி அசைநிலையும் இசைநிறையும். ‘ஏ’, ‘ஓ’, ‘லா லா’ முதலியன பொருளின்றி வந்து ஓசை நிரப்புவன என்று இலக்கணம் ஒதுக்கிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இலக்கணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இண்டி ராக்கில் சொல்லெல்லாம் ஓசை நிரப்ப வருகிறது. பொருள் அந்த ‘ஓ’வில் இருக்கிறது. ஆர்.இ.எம். குழு 1983இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் மைக்கேல் ஸ்டைப் முணுமுணுத்த சொற்களை அமெரிக்காவே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தது. அவர் குரல் ஏறி இறங்குவது மட்டும் எல்லோருக்கும் முதல் தடவையே விளங்கியது.

இதைச் சோதிக்க ஒரு பழைய முறை கையில் இருக்கிறது. சிவபெருமானே அருளிய அறுபது சூத்திரங்களுக்கு நாற்பத்தொன்பது புலவரும் ஆளுக்கோர் உரை செய்து, எது மெய்யுரை என்று முட்டிக்கொண்டபோது, உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை நடுவராக உட்காரவைத்ததாக இறையனார் அகப்பொருள் உரை கூறும். மருதன் இளநாகனார் உரைத்தபோது பிள்ளைக்குச் சில இடங்களில் மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்து சிலிர்த்தது. வழக்கு முடிந்தது. உலகில் எந்த ராக் பத்திரிகையும் இதைவிட நல்ல விமரிசன முறை வைத்திருக்கவில்லை.

வடசேரியில் நடுவராகக் கிடைத்தது, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் செல்போன் கடைக்காரரின் இன்னும் பேச்சு வராத பேரன். அவனைக் கண்ணாடி மேசைமேல் உட்காரவைத்து, பட்டறை உரை, சந்தை உரை, குண்டலினி உரை மூன்றையும் முறையே சொல்லத் தொடங்கினார்கள். ஜடைநாகத்துக்கு அவன் கொட்டாவி விட்டான். ஆட்டுக் கதைக்குச் செருப்பைக் கடித்தான். குண்டலினியை விளக்கத் தொடங்கும் முன்பே பாட்டியிடம் போக அழுதான். இது மெய்யுரைக்கு வார்ந்த கண்ணீரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடைசியாக உரையை நிறுத்திவிட்டுப் பாட்டையே போட்டார்கள். பாடகர் சொல்லை விட்டுவிட்டு வெறும் ஓசையாக இழுத்த இடத்தில் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிச் சிரித்து ஆடினான். மயிர்க்கூச்செறிந்ததா என்று முழங்கையைத் தடவிப் பார்த்ததில், சிலிர்த்திருந்தது.

அசைநிலைக் கொள்கை நிலைபெற்றது என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டறை அண்ணாச்சி எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னார். உள்ளே ஏத்தங்காய் சிப்ஸ். சந்தைக் கட்சியார் நடுவருக்குக் கைக்கூலி கொடுத்தது வெளிப்பட்டதால் தீர்ப்பு தள்ளுபடி. மறுவிசாரணை ஆவணி மாத நாகராஜா கோயில் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தபின் நடைபெறும். அதுவரை சிப்ஸ் பொட்டலம் பட்டறையின் பாதுகாப்பில் இருக்கும் என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் அதுவும் பாதி காலி.