பட்டறைச் சீட்டில் பாடபேதம்: ஒரு முதிய வேகக்காரின் செலவு பற்றிய ஆராய்ச்சி

காரையின் ஓடைகளில் அம்மோனைட்டுச் சுருள்களைப் பொறுக்கி அவற்றின் வயதைக் கோடியாண்டுக் கணக்கில் நிர்ணயம் செய்தவர்கள் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் செங்கல் செங்கல்லாக அளந்தவர்கள் உண்டு. சாத்தனூரில் 1940ஆம் ஆண்டு எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரத்தின் பதினெட்டு மீட்டர் நீளத்தையும் நடந்து பார்த்தவர்கள் உண்டு. பெரம்பலூர், அரியலூர் என்னும் இவ்விரு மாவட்டங்களிலும் பழமையானது எதுவும் பண்டிதர் பார்வைக்குத் தப்பவில்லை என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கையில், துறைமங்கலத்துப் பட்டறை ஒன்றில் நாற்பது நாளாய் ஜாக்கியின்மேல் யோகநிலையில் எழுந்தருளியிருக்கும் என் தங்கை கணவரது 2001ஆம் வருஷத்து ஃபோர்டு ஐகான் காரைப் பற்றி ஒரு கட்டுரையும், அதற்கு ஒரு மறுப்பும், அம்மறுப்புக்கு ஒரு மறுப்பும் இதுகாறும் வெளிவராதிருப்பது எனக்குத் தாங்கொணா மனக்கிலேசத்தை விளைவித்து வந்தது. அக்குறையை நீக்குதற்கு எழுந்ததே இச்சிறு கட்டுரை. சிறு கட்டுரை என்றது அவையடக்கம். அச்சிடுவார் கிடைத்தால் நான்கு பாகம் வரும்.

முதற்கண் நாமவிசாரம். இக்கார் 1999இன் இறுதியில் சந்தைக்கு வந்த ஜாதியைச் சேர்ந்தது. ஆயிரத்து அறுநூறு சி.சி. கொள்ளளவும் தொண்ணூற்றுச் சொச்சம் குதிரைகளும் கொண்ட அதன் ரோகாம் பெட்ரோல் எஞ்சின், மாருதியும் அம்பாஸடரும் மிதித்துப் பழகிய கால்களுக்கு அந்நாளில் ஒரு பரவசமாகவே இருந்தது. விளம்பரங்கள் அதற்கு ‘ஜோஷ் மெஷின்’ என்று பட்டம் சூட்டின. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் திருப்பெயர் தாங்கிய மறைமலைநகரிலே பிறந்த பிள்ளைக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது சரித்திரத்தின் குறும்பு. ஜோஷ் என்பது பாரசீகம். அதன் மூலப்பொருள் கொதித்தல். இந்தியில் அது உற்சாகம், வீறு என்று பொருள் விரிந்தது. பட்டம் சூட்டியவர்கள் வழிப்பொருளைக் கருதினார்கள். வண்டியோ கால் நூற்றாண்டு கழித்து, சிறுவாச்சூரைத் தாண்டியதும் பானட்டுக்குள்ளிருந்து வெண்புகை எழ நின்று, மூலப்பொருளுக்கே திரும்பிவிட்டது. இதனைச் சொற்பிறப்பியலின் வெற்றியென்று கொள்வதா, இருபத்தைந்து கோடையில் வெந்த ரப்பர் குழாயின் தோல்வியென்று கொள்வதா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபடுகின்றனர். அறிஞர்கள் என்றது என்னையும் மெக்கானிக்கையும்.

அடுத்தது கால நிர்ணயம். பதிவுப் புத்தகம் 2001 என்கிறது. எஞ்சினும் அவ்வாறே கூறுகிறது. கியர்பாக்ஸ் ஓராண்டு பிற்பட்டது. இடப்புறப் பின்கதவின் நிறம் மற்ற மூன்று கதவுகளின் நிறத்தோடு ஒத்துப்போவதாக மாலை ஆறு மணிக்குமேல் மட்டுமே சொல்ல இயலும். எனவே இது ஒருவர் இயற்றிய காப்பியமன்று, பலர் பாடிய தொகைநூல் என்பதே என் துணிபு. இவ்வண்டி பிறந்த அதே 2001இல் ஜனவரி முதல் தேதி அரியலூர் தனி மாவட்டமாயிற்று என்பதும், 2002 மார்ச் 31 அன்று பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டது என்பதும், 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் பிரிக்கப்பட்டது என்பதும் ஈண்டுக் கருதத்தக்கன. கழற்றி, பூட்டி, மறுபடி கழற்றும் மரபு இம்மண்ணுக்குப் புதிதன்று. மெக்கானிக்கை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

இனிச் செலவின் பாகுபாடு. வைதிக கர்மங்களைப் போலவே இவையும் நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகைப்படும். நித்தியமாவது பெட்ரோல். நைமித்திகமாவது ஒரு நிமித்தம்பற்றி வருவது: மழை, பள்ளம், உறவினர் திருமணம், எஃப்.சி. இவற்றுள் இறுதியாகச் சொன்னது சிறப்புடையது. மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகி, இருபது வயது கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ஆனது. மனிதர்க்கு வயதானால் ரயிலில் சலுகை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வண்டிக்கு அந்தக் காலமும் வந்ததில்லை. காமியமாவது அலாய் சக்கரம், அகன்ற புகைக்குழாய், பின் கண்ணாடியில் ஒட்டும் வாசகம். டூப்ளிகேட் பாகம் வாங்குதல் நிஷித்தம். அதைப் பற்றிப் பேசுதலும் நிஷித்தம்.

நிலவியற் சான்றையும் ஒருவாறு நோக்குவோம். 1862இல் பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியின் கிரிடேஷியஸ் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அவர் நம் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கும் பேறு பெறாதவர். பட்டறைப் பையன் பழைய ஸ்குரூடிரைவரால் அதைச் சுரண்டியபோது மூன்று அடுக்குகள் துலக்கமாகத் தெரிந்தன: மேலே சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்ததால் படிந்த சுண்ணாம்புத் தூசி, நடுவே பருத்திக் காட்டுக் கரிசல், அடியில் கல்லாய் இறுகிய கிரீஸ் (காண்க: மேற்படி வண்டி, இடப்புற லோயர் ஆர்ம், டார்ச் விளக்குடன்). இவற்றினும் அரியது ரேடியேட்டருக்குள் இருந்தது. என் தங்கை கணவர் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரையே பல வருஷம் ஊற்றி வந்தவர். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் அந்நீர் கொதிக்கும்தோறும் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். படிவு குழலை அடைக்கும். அடைத்தால் சூடு ஏறும். ஏறினால் மேலும் நீர் ஊற்றுவார். ஏழு கோடி ஆண்டுக்கு முன் கடற்பிராணிகள் எந்தச் சரக்கைக்கொண்டு ஓடு கட்டினவோ, அதே கால்சியம் கார்பனேட்டைக்கொண்டு அவரது ரேடியேட்டர் இருபது வருஷத்தில் தன் பங்குக்கு ஒரு பாறை கட்டியிருந்தது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் அதனை வைப்பதற்கு ஆட்சேபணை இராதென நம்புகிறேன்.

இவையெல்லாம் தோரணவாயில்; கருவறைக்குள் இனிமேல்தான் புகுகிறோம். பட்டறைக்காரர் மதிப்பீடாக எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று உண்டு. ஐந்தே வரி. நூறு வரி நூலுக்கு முந்நூறு பக்கம் முன்னுரை எழுதி, முடிவில் தாள் போதாமையால் நூலை அச்சிடாது விட்ட பெரியோர்கள் வாழ்ந்த நாட்டில், ஐந்து வரிக்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் மிகையன்று.

சீட்டுக்கு மூன்று பிரதிகள் கிடைக்கின்றன. ‘அ’ பிரதி மூல ஓலை. சட்டைப் பையோடு துவைக்கப்பட்டு, நான்காக மடிந்த இடங்களில் சிதைவுற்றது. ‘ஆ’ பிரதி அதன் கைப்பேசிப் படம். துவைப்பதற்கு முற்பட்டதாகலின் பாடத்தூய்மை உடையது, எனினும் எடுத்தவரின் கட்டைவிரல் வலப்புறத்தை மறைக்கிறது. ‘இ’ பிரதி எழுதாக் கிளவி. என் தங்கை கணவர் என் தங்கையிடம் வாய்மொழியாகக் கூறியது. மூன்றனுள் தொகை மிகவும் குறைந்து காணப்படுவது இதில்தான் என்பது கூறாமலே விளங்கும்.

முதல் வரி ‘லே.ஆ. புஸ் 2 – 1,400’. லோயர் ஆர்ம் புஷ். தெளிவு. மூன்றாம் வரி ‘கூலண்டு – 700’. தெளிவு. இரண்டாம் வரியிலேதான் முதற் சிக்கல் பிறக்கிறது. ‘அ’ பிரதி ‘ரே. ஓசு – 450’ என்கிறது; ‘ஆ’ பிரதியோ ‘ரே. ஓசி – 450’ என்றும் படிக்குமாறு உகரச் சுழி தேய்ந்திருக்கிறது. ஓசு எனின் ரேடியேட்டர் ஓஸ், பொருள் எளிது. ஓசி எனின் அப்பொருள் இலவசம். இலவசத்துக்கு 450 ரூபாய் எங்ஙனம் வாங்குவது? எளிய பாடத்தை விடுத்து அரிய பாடத்தையே கொள்ளுதல் பதிப்பு நெறியாதலின் நான் ‘ஓசி’யையே கொண்டேன். இலவசத்துக்கும் விலை உண்டென்ற தத்துவம் நம் பட்டறைகளில் நெடுங்காலம் பயின்று வந்ததென்பது இதனாற் பெறப்படும். இதனை மறுப்போர் ‘ஆ’ பிரதியின் மேல் வலது மூலையில், கட்டைவிரல் நிழலுக்கும் வடைக் கறைக்கும் இடைப்பட்ட வெளியை ஊன்றி நோக்குக. அவ்வடை உளுந்தா பருப்பா என்பதற்குப் பின்னிணைப்பு 9 காண்க. பின்னிணைப்பு 9 எழுதப்படாமைக்குக் காரணம் பின்னிணைப்பு 10இல் கூறப்படும்.

நான்காம் வரி ‘இதர – 60’. இது இடைச்செருகல். மை வேறு, கை வேறு, எழுத்தின் சாய்வு வேறு. ‘தர’ என்பதன் ரகரம் பட்டறைப் பையனுடைய ரகரம். நான்கு டீயும் இரண்டு பன்னும் கூட்டினால் ஏறத்தாழ அத்தொகை வருதலின் ஆசிரியர் யாரென்பதில் ஐயமில்லை.

ஐந்தாம் வரிதான் பாரதப் போர். ‘தெ.ஹ. பு.பே. 7800’ என்பது ஒரு பாடம். ‘1800’ என்பது மற்றொன்று. ‘தெ.ஹ.’ என்பது தெர்மோஸ்டாட் ஹவுசிங் என்பதில் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். எஞ்சினிலிருந்து சுடுநீர் வெளிவரும் வாயிலில் அமர்ந்திருக்கும் சிறு பாகம் அது, வயதேற வெடிப்பு விடும். ‘பு.பே.’ என்பதோ விடுகதை. ‘புதுப் பேரிங்’ என்பர் ஒரு சாரார். தெர்மோஸ்டாட்டில் பேரிங் ஏது என்ற வினாவுக்கு அவர்கள் விடை சொல்வதில்லை. ‘புறப்பேச்சு’, அதாவது எழுத்தில் அடங்காது வாய்ப்பேச்சாக முடிவு செய்வது, என்பர் மற்றொரு சாரார்.

எண்ணைப் பொறுத்தவரை உலகம் இரண்டுபட்டது. நான்கு ரோட்டு டீக்கடையில் கூடுவோர் 7,800 என்றனர். மூன்று ரோட்டு டீக்கடையில் கூடுவோர் 1,800 என்றனர். முதல் எண்ணின் தலையில் இருப்பது ஏழின் கொடியா ஒன்றின் மூக்கா என்பதே வாதம். மூன்று ரோட்டுக் கொள்கையின் முதல்வர் என் தங்கை கணவர்.

“மச்சான், அது ஒண்ணுதான். பேனா இழுத்துருச்சு,” என்றார் அவர்.

“மத்த ஒண்ணெல்லாம் இழுக்கலையே, மாப்பிள்ளே?” என்றேன்.

“மத்ததெல்லாம் சின்ன தொகை,” என்றார்.

இவ்விடையின் ஆழம் எனக்கு இன்றுவரை முற்றும் விளங்கவில்லை. சுண்ணாம்புக்கல் குவாரியில் பகல் முழுதும் பிறர் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் ஒருவர், தம் காரின் கணக்கில் மட்டும் இத்துணை உயர்ந்த ஞானநிலையை எய்துவது எவ்வாறு என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. என் தங்கை எக்கொள்கையையும் சாராது, “ரெண்டையும் கூட்டி வச்சுக்குங்க, அதுதான் வரும்,” என்றாள். இப்படிப் பாடத்தையே பாராமல் தீர்ப்புக் கூறுதல் ஆராய்ச்சி நெறிக்கு விரோதமானது. ஆயினும் இம்முறையைக் கையாண்டு புகழெய்திய பேராசிரியர்கள் நம்மிடையே இருத்தலின் நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

நானோ அகச்சான்று, புறச்சான்று இரண்டையும் துணைக்கொண்டு, சீட்டிலுள்ள ஒன்றுகள், ஏழுகள் யாவற்றையும் பூதக்கண்ணாடியால் அளந்து, ஏழின் கழுத்துச் சாய்வுக்கு ஒரு வாய்பாடு அமைத்து, பதினெட்டுப் பக்கத்தில் 7,800 என்ற பாடமே ஆசிரியர் திருவுள்ளம் என நிறுவினேன். அதன்பின்தான், ஆசிரியர் உயிரோடிருக்கிறார் என்பதும் துறைமங்கலத்தில் காலை ஒன்பது மணிக்குப் பட்டறை திறக்கிறார் என்பதும் நினைவுக்கு வந்தன. ஒரு நூலின் பொருளை அதன் ஆசிரியரிடமே சென்று வினவுதல் அறிஞர்க்கு அழகன்று. ஆயினும் என் முடிபை அவர் ஒப்புக்கொள்ளும் காட்சியைக் காணும் ஆசையால் புறப்பட்டுப் போனேன்.

அவர் வண்டிக்கு அடியில் இருந்தார்; கால்கள் மட்டும் தெரிந்தன. சீட்டை நீட்டியதும் வெளியே வந்து, கையைக் கழிவுநூலில் துடைத்துக்கொண்டு, கம்பியில் குத்தியிருந்த கார்பன் பிரதியை உருவிப் பார்த்தார். இப்படியொரு நான்காம் பிரதி இருப்பதை எந்தக் கொள்கையினரும் அறிந்திருக்கவில்லை.

“ஏழுதாங்க சார்,” என்றார்.

என் பதினெட்டுப் பக்கங்களும் ஒருசேர நிமிர்ந்து நின்றன.

“அப்போ ஏழாயிரத்து எண்ணூறா?”

“ரூவா இல்லீங்க சார். ஹவுசிங்கு இங்க கிடைக்கல, மெட்ராஸ்ல புதுப்பேட்டையில சொல்லியிருக்கேன். பார்சல்ல வருது. அதோட எல்.ஆர். நம்பருங்க இது, கடைசி நாலு எண்ணு.”

“விலை?”

“அதை இன்னும் எழுதவே இல்லீங்களே,” என்று அவர் காதிடுக்கிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.